மஞ்சள் போர்டு, டி.என். 25

1

திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் மலையைப் பார்த்து அழுவார்கள். கோபுரத்தைப் பார்த்து அழுவார்கள். ஆசிரமத்துப் பக்கம் போனால் எதையுமே பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டே அழுகிற வெள்ளைக்காரர்களும் உண்டு. செங்கம் ரோட்டில் ஓர் ஆட்டோவின் பின்பக்கத்தைப் பார்த்து அழுதவன் அநேகமாக நான் ஒருவன்தான்.

மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து. டி.என். 25. சேறு தெறித்து, ஒரு பக்கம் திருகாணி கழன்று, கம்பியால் கட்டியிருந்தது. நான் போனை எடுத்துப் படம் பிடித்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"இன்னா சார், இடிச்சிட்டனா?"

"இல்லீங்க."

"பின்ன இன்னாத்துக்கு வண்டிய போட்டோ புடிக்கிறீங்க?"

"நம்பர் நல்லாருக்கு."

அவர் குனிந்து, தன் நம்பரை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார். "இதுவா? ஆபீஸ்ல இன்னா குட்த்தாங்களோ அதான் சார். ஊரு முச்சூடும் இதான ஓடுது?"

ஊர் முழுக்க இதுதான் ஓடுகிறது. பஸ்ஸில், பால் வண்டியில், குப்பை லாரியில். அதைத்தான் நான் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். ஒன்றல்ல, பதினாலு.

விளக்கிவிடுகிறேன். இருபது வருஷமாக நான் இங்கிலாந்தில், கவன்ட்ரி என்ற ஊரில் குடியிருக்கிறேன். அந்த நாட்டில் வண்டியே இல்லாமல் வண்டி நம்பர் வாங்கலாம். காகிதமாக வைத்திருந்து விலை ஏறும்போது விற்கலாம். நம்பரில் முதலில் இரண்டு எழுத்து, பிறகு வண்டி வந்த வருஷத்தைக் காட்டும் இரண்டு இலக்கம், கடைசியில் மூன்று எழுத்து. 2025 பிறந்தது. இருபத்தைந்து என்ற இலக்கமும் வந்தது. விற்பனைப் பட்டியலில் டி.என். 25 என்று தொடங்கும் நம்பர்களைப் பார்த்தேன். திருவண்ணாமலை வண்டிகளின் முன்னெழுத்து, இங்கிலாந்து அரசாங்கத்தின் கையால்! உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு வந்தால் போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன்.

அப்போதுதான் எனக்கு வேலை போயிருந்தது. ஒரு கிடங்கில் ஷிப்ட் மேனேஜராக இருந்தேன். கிடங்கை வேறு ஊருக்கு மாற்றினார்கள், என்னை மாற்றவில்லை. ஒரு தொகை கொடுத்து, கையைக் குலுக்கி, கேக் வெட்டி அனுப்பினார்கள். கேக்கை வெட்டியதும் நான்தான். அந்தத் தொகைதான் பதினாலு நம்பராக மாறி, பிளாஸ்டிக் உறைக்குள், இப்போது என் தோள்பையில் தொங்குகிறது. அதை விற்றால் என் மனைவி மலர் ராத்திரி வேலையை விடலாம். விற்காவிட்டால் விட முடியாது. இந்தக் குறிப்புகளில் மற்றதெல்லாம் நான் அடிக்கும் ஜோக் என்று வைத்துக்கொள்ளுங்கள். இது ஒன்று மட்டும் இல்லை.

2

மலர் முதியோர் இல்லத்தில் நர்ஸ். ராத்திரி வேலைக்குச் சம்பளம் ஜாஸ்தி என்பதால் வருஷக்கணக்காக ராத்திரிதான். தன்னைவிட இரண்டு மடங்கு எடையுள்ள கிழவர்களைப் புரட்டிப் போட்டுப் புரட்டிப் போட்டு இடுப்பு போய்விட்டது. காலையில் வீட்டுக்கு வந்ததும் ஷூவைக் கழற்ற மாடிப்படியில் உட்காருவாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க என் கை வேண்டும். நான் கையை நீட்டுவேன். "ராணியம்மா எழுந்தருளணும்" என்பேன். அவள் சிரித்தால் அன்றைக்கு வலி கம்மி. சிரிக்காவிட்டால் நான் சமையலறைக்குப் போய் டீயை அளவுக்கு மேல் கலக்கிக்கொண்டிருப்பேன்.

வேலை போன வாரம் அவள் சொன்னாள். "ஏங்க, பைபாஸ் பக்கத்துல பார்சல் கம்பெனி இருக்குல்ல, அங்க நைட்டு வேன் ஓட்ட ஆள் எடுக்கறாங்களாம். நீங்க போனா நான் பகலுக்கு மாறிக்கலாம்."

"நான் மேனேஜரா இருந்தவன், மலர். என்கிட்ட வேலை கத்துக்கினவன்தான் அங்க சூப்பர்வைசர்."

"அதனால?"

"ஆறு மாசம் குடு. இந்தப் பணத்தை ரெட்டிப்பாக்கிக் காட்டறேன். நீ நைட்டு டூட்டிக்கே போக வேணாம்."

அவள் என்னை நம்பவில்லை. நம்பாத முகத்தோடு சரி என்றாள். அது சண்டையைவிட மோசம்.

இந்த நம்பர் கோளாறு எங்கள் வம்சத்திலேயே உண்டு. அடி அண்ணாமலையில் இருந்த என் சித்தப்பா டிராக்டர் வாங்கியபோது, கூட்டினால் ஒன்பது வரும் நம்பர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டார். வரிசையில் அந்த நம்பர் வரும்வரை டிராக்டர் கழுத்தில் மாலையோடு கொட்டகையில் நின்றது. சுற்றி எல்லோரும் உழுது நாற்று நட்டாயிற்று. கடைசியில் சித்தப்பா வாடகைக்கு வேறு டிராக்டர் பிடித்து உழுதார். வாடகை டிராக்டரின் கூட்டுத்தொகை எட்டு. விளைச்சல் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகாவது எங்கள் குடும்பம் திருந்தியிருக்கலாம்.

திருந்தாத எனக்கு மேலும் எண்ணெய் ஊற்றியது கவன்ட்ரித் தமிழர்களின் பொங்கல் விழா. சாப்பாடு முடிந்து கார் நிறுத்தும் இடத்தில் ஒருவர் தன் பேரையே நம்பராகப் போட்ட காரைக் காட்டிக்கொண்டிருந்தார். ஆண்கள் எல்லாம் தட்டை ஏந்திக்கொண்டு அதன் முன்னால் தீபாராதனைக்கு நிற்பதுபோல நின்றார்கள். "வாங்கின விலைக்கு இப்ப நாலு மடங்கு" என்றார் அவர். காரைச் சொல்லவில்லை, நம்பரைச் சொன்னார். கார் பழசாகும், நம்பர் பழசாகாது என்றும் சொன்னார்.

ஆகவே பதினாலு வாங்கினேன். ஊர்க்காரன் ஒவ்வொருவன் பேருக்கும் ஒன்று என்று கணக்கு. அந்த நாட்டில் கடைசியில் மூன்று எழுத்துதான். பேரைப் பிழிந்து சக்கையை எறிந்த மாதிரி, சிவாவுக்கு எஸ்.வி.ஏ., குமாருக்கு கே.எம்.ஆர்., மலருக்கு எம்.எல்.ஆர்.

"என் பேர்ல ஒண்ணு வாங்கினா நான் வாயை மூடிக்குவேன்னு பாத்தீங்களா?" என்றாள் மலர். ஆமாம், அப்படித்தான் பார்த்தேன்.

அதையாவது எங்கள் காரில் மாட்டலாம் என்று வண்டிப் பதிவு அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பதற்றம் வந்தால் என் இங்கிலீஷ் பஸ் ஏறித் திருவண்ணாமலைக்குத் திரும்பிவிடும். முக்கால் மணி நேரம் வாத்திய இசை கேட்ட பிறகு ஒரு பெண் பேசினாள். உங்கள் கார் பழசு ஐயா, பழைய காருக்குப் புது வருஷத்து நம்பரை மாட்ட அனுமதி இல்லை, வண்டியை அதன் வயதைவிட இளமையாகக் காட்டக்கூடாது என்பது விதி என்றாள்.

"மேடம், நான் தலைக்கு டை அடிக்கிறேன். அதற்கு உங்கள் நாட்டில் தடை ஒன்றும் இல்லையே?"

இன்றைக்கு உங்களுக்கு வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதை அந்த ஊரில் அப்படித்தான் மரியாதையாகச் செய்வார்கள்.

ஆக, என் பதினாலு நம்பரையும் வாங்குகிறவன் திருவண்ணாமலைக்காரனாக இருக்க வேண்டும், இங்கிலாந்தில் இருக்க வேண்டும், அவனிடம் புத்தம்புதுக் கார் இருக்க வேண்டும், மூளை கொஞ்சம் கம்மியாக இருக்க வேண்டும். முதல் மூன்றும் பொருந்தியவர்களிடம் நாலாவது பொருந்தவில்லை. நாலாவது பொருந்தியவன் ஏற்கெனவே பதினாலு வாங்கிவிட்டான்.

3

ஆரணியில் பிறந்த டாக்டர் ஒருவர் புதுக் கார் எடுத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன். காபி கொடுத்தார். முறுக்கு கொடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் முறுக்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"நாங்க இப்ப தொண்ணூத்தி ஏழுங்க. ஆரணிக்குத் தனி ஆபீஸ் வந்துட்டுதே, தெரியாதா? இருபத்தஞ்சு உங்களுது. நீங்களே வெச்சிக்கோங்க."

தாய் மண் என்பது போக்குவரத்து அலுவலக எல்லையோடு முடிந்துவிடுகிறது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நம்பர் வியாபாரி ஒருவனிடம் மொத்தமாகத் தள்ளிவிடப் பார்த்தேன். டி.என். என்றால் என்ன என்று கேட்டான். சொன்னேன். அது எங்கே இருக்கிறது என்று கேட்டான். சொன்னேன். பிறகு அவன் ஒரு விலை சொன்னான். அந்தப் பணத்தில் நம்பர்கள் வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறைகளைப் புதுசாக வாங்கலாம்.

எங்கள் மகள் நிலாவுக்கு இருபத்திரண்டு வயது. வேறு ஊரில் வேலை. ஞாயிற்றுக்கிழமை போனில் வருவாள், ஒரு காதில் எங்களையும் இன்னொரு காதில் வேறு எதையோ கேட்டபடி. டி.என். 25 எம்.எல்.ஆர். காரில் மாட்டினால் எப்படி இருக்கும் என்று ஒரு படம் செய்து அனுப்பியிருந்தேன். இங்கிலாந்தில் எல்லா வண்டிக்கும் முன்பலகை வெள்ளை, பின்பலகை மஞ்சள். அது விதி.

"அப்பா, பின்னாடி பாத்தா லிட்ரலி ஆட்டோ மாதிரி இருக்கு."

"நீ ஒரு புதுக் கார் எடுத்து இதைப் போட்டுக்கயேன். அம்மா பேரு, நம்ம ஊரு."

"நான் சைக்கிள்ல போறேன் அப்பா. பிளானட்டுக்காக."

"பிளானட்டுக்கு இன்னாடி? அதுக்கும் வேலை போயிட்டுதா?"

சிரிக்கவில்லை. அவளை நான் கடைசியாகச் சிரிக்க வைத்தது எப்போது என்று யோசித்தேன். அவள் பல் விழுந்த வயசு ஞாபகத்துக்கு வந்தது. பிறகு நிதானமாக, தமிழ் வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்க அந்த ஊர்ல இருந்தப்போ, அங்கேர்ந்து வெளில வரணும்னுதானே ட்ரை பண்ணீங்க? இப்போ ஏன் அத காருக்குப் பின்னாடி மாட்டணும்?"

சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் மலர் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வேலைக்குக் கிளம்பியபோதுதான் என் கடைசி யோசனை உதித்தது. அங்கே இருக்கும் பிள்ளைகளுக்கு ஊர் வேண்டாம். சரி. ஆனால் இங்கே இருக்கும் அப்பாக்களுக்கு வேண்டுமே! பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு, அதை ஊருக்குக் காட்ட வழியில்லாமல் தவிக்கும் பணக்கார அப்பாக்கள். அவர்களைப் பிடிக்க வேண்டும். விமான டிக்கெட் மலரின் ராத்திரிகளில் வாங்கியது. "போய்ட்டு வாங்க" என்றாள். "வித்துட்டு வாங்க" என்று சொல்லவில்லை.

4

ஊரில் மலரின் தம்பி ஏழுமலை வீட்டில் தங்கினேன். அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதை ஓரமாகத் தள்ளுவண்டியில் இளநீர் விற்கிறவன். பௌர்ணமிக்கு நடக்க வருகிற கூட்டம் முழுக்க அவன் வண்டியைத் தாண்டித்தான் போக வேண்டும். என் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். திருப்பிப் பார்த்தான். உள்ளே வேறு ஏதாவது இருக்கிறதா என்று உதறியும் பார்த்தான்.

"மாமா, போர்டு எங்க?"

"போர்டு இல்லடா. உரிமைதான். காகிதம்."

"காரு?"

"காரும் இல்ல."

"காரு இல்லாம, போர்டு இல்லாம, வெறும் நம்பரு. அதுவும் நம்ம ஊர்ல சும்மா கெடைக்கிற நம்பரு. அத்த லண்டன்ல காசு குட்த்து வாங்கி, இங்கயே எட்த்தாந்து விக்கிற." அரிவாளை இளநீரில் இறக்கினான். "எங்க அக்கா உன்ன எப்டி மாமா வெச்சி மேய்க்கிது?"

"கவன்ட்ரிடா, லண்டன் இல்ல."

"எல்லாம் ஒண்ணுதான். குடி. சூடு தணியட்டும்."

அப்பாக்களைத் தேடிப் போவதற்கு முன்னால், ஆசிரமத்துப் பக்கத்துக் காப்பிக் கடைகளில் இங்கிலாந்துக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள், ஊர் மேல் ஆசை வைத்தவர்கள், அவர்களில் ஒருவன் மாட்டினாலும் போதும் என்று எனக்குத் தோன்றியது. இது எந்த அளவுக்கு அவசரப்பட்ட மூளையின் யோசனை என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏழுமலை தன் பைக்கில் கொண்டுபோய் விட்டான். உள்ளே வெள்ளை வேட்டி கட்டிய, தாடி வைத்த ஒருவர் எலுமிச்சைச் சாறு குடித்துக்கொண்டிருந்தார். கவன்ட்ரிக்கு அடுத்த ஊர்க்காரர். இருபது நிமிஷம் பேசினேன். மிகவும் அன்பாகக் கேட்டார். தன்னிடம் மூன்று கார்கள் இருந்ததாகவும், மூன்றையும் விட்டுவிட்டு வந்ததாகவும் சொன்னார். இப்போது பழைய பேரைக்கூட விட்டுவிட்டாராம். என் கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். பையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே ஏழுமலை காத்திருந்தான். "இன்னா சொன்னாரு?"

"எல்லாத்தையும் துறந்துட்டாராம்."

"தொறந்தவன்கிட்ட போயி பதினாலு நம்பர விக்கிறியே மாமா. உன்கிட்ட ஒண்ண வாங்கி அத்தயும் தொறந்தாத்தான் உண்டு."

அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து மலையைச் சுற்றி வரும்போது சிரித்துக்கொண்டே வந்தேன். வழியில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இங்கே பகல் என்றால் அங்கே மலர் இன்னும் வேலையில் இருப்பாள், யாரையோ புரட்டிக்கொண்டு. அவள் நேரத்தைக் கணக்குப் போடாமல் என்னால் இந்த ஊரில் ஒரு இட்லி தின்ன முடியவில்லை.

5

தனசேகர் அண்ணன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு லாட்ஜ் வைத்திருப்பவர். பள்ளியில் எனக்கு நாலு வகுப்பு மேலே படித்தவர். மகன் கார்த்திக் பர்மிங்காமில் வேலை பார்க்கிறான், போன மாசம்தான் புதுக் கார் எடுத்தான். இந்தத் தகவல் கிடைத்த அன்றைக்கு நான் உண்மையிலேயே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன்.

லாட்ஜ் வாசலில் நின்ற அவருடைய மூன்று வெள்ளைக் கார்களுக்கும் ஒரே மாதிரி நம்பர், எல்லாம் ஒன்பதாக. சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறேன்.

"வா பச்சையப்பா. இளைச்சிட்ட. அங்க சோறு போடறது இல்லியா?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் கண் விரிந்ததைப் பார்த்தேன். "லண்டன்ல டி.என். இருபத்தஞ்சா? கவர்மென்ட்டே குடுக்குதா?" என்று நாற்காலியை முன்னால் இழுத்தார். விரலை மடக்கினார். "ரெண்டும் அஞ்சும் ஏழு. ஏழு கேதுவாச்சே. ஞானத்தை ஜாஸ்தி குடுக்கும், காசைக் கம்மியாக்கும்." என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன்னப் பாத்தா ரெண்டாவது மட்டும் வந்த மாதிரி கீது?"

"மொதல்து இப்பதாண்ணா வந்துகினு இருக்கு."

விழுந்து விழுந்து சிரித்தார். "பரவால்ல, என் பையனுக்குக் கொஞ்சம் ஞானம் வரட்டும். பதினாலையும் நானே எட்த்துக்கறேன். அங்க நம்ம பசங்க இருக்காங்க, கார்த்தி வித்துக்குவான்." விலை சொன்னார். நான் போட்ட பணத்துக்கு மேலேயே இருந்தது. நான் பேரம்கூடப் பேசவில்லை. மனசுக்குள் மலருக்குப் போன் போட்டு, எழுப்பி, சொல்லி, அவள் அழுது, நானும் அழுது முடித்தாயிற்று.

"போர்டு எப்டி இருக்கும், காட்டு."

போனை நீட்டினேன். முன்பக்கப் படம், வெள்ளைப் பலகை. தலையை ஆட்டி ரசித்தார். விரலால் தள்ளினார். பின்பக்கப் படம் வந்தது.

அவர் முகம் மாறியதை நான் கண்ணால் பார்த்தேன்.

"இன்னாடா இது? மஞ்ச போர்டு?"

"அண்ணா, அங்க எல்லாருக்குமே பின்னால மஞ்சள்தான். பிரதமர் வண்டிக்கும் அப்டித்தான்."

"எங்கப்பா மஞ்ச போர்டு ஓட்டித்தான்டா எங்கள வளத்தாரு. வாடகைக் காரு. சாமி பாக்க வர்றவன் வாந்தி எடுத்தா அவர்தான் கழுவணும். நான் வெள்ள போர்டுக்கு மார்றதுக்கு எத்தினி வருஷம் ஆச்சு தெரியுமா உனுக்கு? என் புள்ள அவ்ளோ தூரம் போயி மறுபடி மஞ்ச போர்டா?"

இங்கிலாந்தில் இருபது வருஷம் அந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறேன். திருவண்ணாமலைக்காரன் ஒருவன் அதை எப்படிப் பார்ப்பான் என்று ஒரு நிமிஷம் யோசித்ததில்லை. செங்கம் ரோட்டில் ஆட்டோவுக்குப் பின்னால் அழுதபோதுகூட யோசிக்கவில்லை. நிலா ஒரே பார்வையில் சொல்லிவிட்டாள். நான் சிக்னல் சரியில்லை என்றேன்.

"வேணும்னா கார்த்தியையே கேளுங்கண்ணா" என்றேன். குரல் கீச்சென்று வந்தது.

அவர் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "டேய், அங்க எல்லா வண்டிக்கும் பின்னால மஞ்ச போர்டாமே?"

"ஆமாப்பா. எல்லாத்துக்கும்தான். என் காருக்கும்தான். ஏன்?"

எனக்கு உயிர் திரும்பி வந்தது. தனசேகர் அண்ணன் என் தொடையைத் தட்டினார். விஷயத்தை மகனுக்கு விளக்கினார், விளக்க விளக்க அவருக்கே பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"வேணாம்பா."

"ஏன்டா? காசு நான் குடுக்கறேன்."

"காசுக்கு இல்லப்பா. அந்த நம்பரப் போட்டா நம்ம ஊர்க்காரன் எவன் பாத்தாலும் வந்து கண்ணாடியத் தட்டுவான். எந்தத் தெருன்னு கேப்பான். யாரு பையன்னு கேப்பான். அப்புறம் எந்த ஆளுங்கன்னு கேப்பான். இங்க யாரும் அத என்கிட்ட கேட்டது இல்லப்பா. அதுக்குத்தான் நான் இங்க இருக்கேன்."

தனசேகர் அண்ணன் ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதில் வைத்து, "சரிப்பா, சாப்ட்டியா?" என்று மெதுவாகக் கேட்டு, வைத்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த தன் அப்பாவின் படத்தைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. டீ வரவழைத்தார். இரண்டு பேரும் குடித்தோம்.

"பச்சையப்பா, ரிசப்ஷன்ல இங்கிலீஷ் பேசற ஆள் ஒருத்தன் தேவைப்படுது. நீ இங்கயே இருந்துடேன்."

"மலர் அங்க இருக்காண்ணா."

"ஆமால்ல" என்றார்.

6

பஸ் ஸ்டாண்டு வாசலில், டி.என். 25-கள் என்னைச் சுற்றி ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, மலருக்குப் போன் செய்தேன். ராத்திரி வேலை முடிந்து தூங்கியிருப்பாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தாள்.

"வித்துதா?"

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"சாமியார்ல இருந்து லாட்ஜ் ஓனர் வரைக்கும் கேட்டுட்டேன். சாமியார் என்னைப் பாத்து பரிதாபப்பட்டாரு. லாட்ஜ் ஓனர் வேலை தரேன்னாரு."

அவள் சிரிக்க ஆரம்பித்து, சட்டென்று மூச்சைப் பிடித்தாள். "சிரிக்க வெக்காதீங்க. இடுப்பு புடிச்சிக்குது."

அந்த மூச்சுதான். வேலை போனபோது ஆகாதது, வியாபாரி விலை சொன்னபோது ஆகாதது, அந்த மூச்சைக் கேட்டதும் ஆயிற்று. இனி விற்கும், நாளைக்கு விற்கும், நல்ல ஆள் வருவான் என்று எனக்குள் இத்தனை மாசமாகப் பேசிக்கொண்டிருந்தவன் வாயை மூடிக்கொண்டான்.

"மலர், அந்த பார்சல் கம்பெனில இன்னும் ஆள் எடுக்கறாங்களா?"

"நீங்க மேனேஜராச்சே" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. கேட்டாள்.

"மேனேஜர்கிட்டயும் லைசென்ஸ் இருக்குது."

"ராத்திரி முழுக்கங்க. வெளயாட்டு இல்ல. குளிரும்."

"தெரியும். நீ கிளம்பிப் போறத இத்தினி வருஷமா ஜன்னல்ல நின்னு பாத்தவன்தானே?"

"அப்ப நான் பகலுக்கு மாத்திக் கேக்கட்டா? நெஜமாவே கேக்கட்டா?"

"கேளு."

போனைக் கீழே வைத்தாள். குழாயைத் திறக்கும் சத்தம் கேட்டது. முகம் கழுவுகிறாள் என்று வைத்துக்கொண்டேன். தண்ணீர் வெகுநேரம் ஓடியது. அந்த ஊரில் தண்ணீருக்கும் மீட்டர் உண்டு. ஓடட்டும் என்று இருந்தேன்.

இது நடந்து சில வாரம் ஆகிறது. இப்போது கவன்ட்ரியில் பனி. நான் வேன் ஓட்டுகிறேன். சூப்பர்வைசர் பையன் முதல் நாள் என்னை ஐயா என்று கூப்பிட்டான், இரண்டாம் நாள் பேர் சொல்லிக் கூப்பிட்டான், மூன்றாம் நாள் தாமதமாக வந்ததற்குத் திட்டினான். நன்றாகத்தான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நம்பர்கள் அலமாரியில் தூங்குகின்றன. என்றைக்காவது ஒருவன் வரலாம் என்று நான் சொல்வதில்லை. மலர் எதிரில் மட்டும் சொல்வதில்லை.

ஏழுமலை ஒரு படம் அனுப்பினான். அவன் இளநீர் வண்டியின் பின்பக்கத்தில் பெயின்டர் வைத்து மஞ்சள் அடித்து, கறுப்பில் எழுதியிருக்கிறான், டி.என். 25 எம்.எல்.ஆர். கீழே குரல் செய்தி. "மாமா, அக்கா பேர்ல உன் நம்பரு ஓட்றேன். மலைய சுத்த வர்றவன்லாம் பாக்கறான். வாடகை கேக்காத."

அதை மலரிடம் காட்டினேன். வயிறு குலுங்கச் சிரித்தாள், பாதியில் நிறுத்தாமல். படத்தை நிலாவுக்கு அனுப்பினாள். நிலாவிடமிருந்து வந்த பதில், "இது நல்லாருக்கு, இத வெச்சுக்கலாம்." தமிழில்.

நேற்று நான் கிளம்பும்போது மலர் ஏற்கெனவே படுத்திருந்தாள். போர்வைக்கு வெளியே ஒரு கை மட்டும் தெரிந்தது. விளக்கை அணைத்துவிட்டு, கதவை மெதுவாகச் சாத்தி, வீட்டு வாசலில் வேனின் எஞ்சினை உறுமவிடாமல் கிளப்பினேன். வேனுக்கும் 2025 நம்பர்தான், பின்னால் மஞ்சள்தான், எழுத்துகள் மட்டும் எந்த ஊரும் இல்லாத எழுத்துகள். எத்தனை முறை பார்த்தாலும் மனசில் நிற்பதில்லை. பார்சல் கம்பெனி வாசலில் காவலாளி ஜன்னலைத் தட்டி, வண்டி நம்பர் என்ன என்று கேட்டான். யோசிக்காமல் சொல்லிவிட்டேன், டி.என். 25 எம்.எல்.ஆர். என்று.

அவன் கம்ப்யூட்டரில் தேடினான். மறுபடி தேடினான். "அந்த வண்டி இங்கே இல்லையே" என்றான்.

"ஆமாம்" என்றேன். "அது அடி அண்ணாமலையில் இளநீர் விற்கிறது."